பிரேக்கில் திரும்பத் திரும்ப ஏர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. ஏர் எடுத்தால், அதாவது சக்கரத்தருகே இருக்கும் நிப்பிள் என்ற சிறு திருகைத் திறந்து பிரேக் லைனில் சிக்கிய காற்றை ஆயிலோடு வெளியேற்றினால், சரியாகிறது. பத்து நாளில் மறுபடி பழைய கதை. இந்தப் புகாரைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன், என் சொந்த வண்டியிலும் பட்டிருக்கிறேன். வரும் கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று எழுதியது இது. காரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். இருசக்கர வண்டிக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

லைனில் கொஞ்சம் காற்று இருந்தால் பெடல் அவ்வளவு கீழே போகுமா?

போகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை லைனுக்குள் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதன் உள்விட்டம் 22 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் சுமார் 11 சி.சி. திரவத்தைத் தள்ளும், அவ்வளவுதான் அதனிடம் இருக்கும் சரக்கு. லைனில் 5 சி.சி. காற்று நின்றால், அழுத்தம் 10 பார் எட்டுவதற்குள் அது அரை சி.சி. ஆகச் சுருங்கிவிடும். அதாவது தள்ளிய திரவத்தில் நாலரை சி.சி. பிரேக்குக்குப் போகாமல் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிறது. பிஸ்டன் கணக்கில் இது 12 மி.மீ. பெடல் நாலு மடங்கு நெம்புகோல் என்றால் காலடியில் ஏறக்குறைய 5 செ.மீ. ஒரு தேக்கரண்டி அளவு காற்றுக்கு இந்தப் பாடு.

ஏர் எடுத்தாயிற்று. பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

மூடிய லைனுக்குள் காற்று தானாக முளைக்காது. ஒன்று, அது முழுதாக வெளியே போகவே இல்லை, எங்கோ ஒளிந்திருந்தது. இரண்டு, அது நுழைய ஒரு வழி இருக்கிறது. மூன்று, அது காற்றே அல்ல, வேறு ஏதோ கோளாறு காற்று மாதிரி நடிக்கிறது. உதிரி பாகம் வாங்கப் போவதற்கு முன் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு வண்டியே துப்பு கொடுக்கும். ஏர் எடுத்து முடித்த நிமிடத்தில் பெடல் கல் மாதிரி இருந்ததா? அப்போதே அரைகுறையாக இருந்தால் காற்று வெளியே போகவில்லை, அல்லது அது காற்றில்லை. முதலில் கெட்டியாக இருந்து நாள்பட நாள்பட இறங்கினால் நுழையும் வழி ஒன்று உண்டு. ஓடிச் சூடான பிறகு மட்டும் இறங்கி, காலையில் நன்றாக இருந்தால் அது நீராவி. சடாரென்று ஒரு நாள் இறங்கியது, அன்றைக்கு ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்தது என்றால் அது தனிக் கதை. ஒவ்வொன்றுக்கும் கீழே வருகிறேன்.

ஆயில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அப்படியும் காற்று உள்ளே போக முடியுமா?

முடியும். இதை நம்ப மறுப்பவர்கள் நிறைய பேர். டிரம் பிரேக்கில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரில் இருக்கும் ரப்பர் கப்பின் உதட்டைப் பாருங்கள், அது உள்ளிருந்து அழுத்தம் வரும்போது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. வெளியிலிருந்து உள்ளே வரும் காற்றைத் தடுக்க அது அவ்வளவு தோதானதல்ல. பெடலைச் சட்டென்று விடும்போது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் வேகமாகப் பின்வாங்குகிறது, லைனில் ஒரு கணம் இழுப்பு உண்டாகிறது. கப் தேய்ந்திருந்தால், அல்லது சிலிண்டர் சுவரில் துருப் புள்ளிகள் இருந்தால், அந்த ஒரு கணத்தில் துளித் துளியாகக் காற்று உள்ளே வரும். அழுத்தும்போதோ கப் விரிந்து அடைத்துக்கொள்ளும், ஆயில் வெளியே வராது.

இதற்காகவே பழைய டிரம் பிரேக் வண்டிகளில் லைனில் எப்போதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்றை வைத்தார்கள். பின்னாளில் கப்பை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தட்டு வந்தது. வீல் சிலிண்டரைப் பிரித்துச் சேர்க்கும்போது அந்தச் சின்னத் தட்டு கீழே விழுந்து, அது இல்லாமலே பொருத்தப்படுவதும் நடக்கிறது.

பார்க்கும் விதம்: டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை மெல்ல விலக்குங்கள். உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். விரலில் ஒட்டும் அளவு ஈரம் இருந்தால் அந்தச் சிலிண்டருக்கு ஆயுள் முடிந்தது.

மற்ற இடங்கள்: ஹோஸை காலிப்பரில் (பேடுகளால் டிஸ்க்கை இறுக்கும் பாகம்) பிடிக்கும் போல்ட்டின் செம்பு வாஷர்கள் (ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிது போட வேண்டும், பழையதையே திருப்பிப் போடுவது பொய்ச் சிக்கனம்), பைப்பின் விரித்த முனை, ஆயில் நிற்கும் டப்பாவான ரிசர்வாயர் மாஸ்டர் சிலிண்டரில் உட்காரும் ரப்பர் வளையங்கள். சந்தேகமுள்ள இணைப்பை நன்றாகத் துடைத்து உலர்த்தி, மேலே கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவிவிட்டுப் பெடலை நாலு முறை மிதியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பவுடரில் கறையாகத் தெரியும்.

ரிசர்வாயரில் மட்டம் குறைகிறது, தரையில் மட்டும் ஒன்றுமில்லை. ஆயில் எங்கே போகிறது?

முதலில் பேடுகளைப் பாருங்கள். பேடு தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அதன் பின்னால் நிரம்பும் ஆயில் ரிசர்வாயரிலிருந்துதான் வர வேண்டும். மாதக்கணக்கில் மெல்லக் குறைவது இயல்பு.

வாரத்தில் குறைந்தால், மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டரைச் சந்தேகியுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால் ஆயில் வெளியே சொட்டாது, பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். அங்கிருந்து வெற்றிடக் குழாய் வழியாக எஞ்சின் அதை உறிஞ்சினால் புகைபோக்கியில் வெண்புகைகூட வரும், பிரேக் கோளாறுக்கு எஞ்சினைப் பிரிக்கும் கூத்தும் நடக்கும். மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைக் கழற்றி, பைப்புகள் மடங்காத அளவுக்கு முன்னால் நகர்த்தி, பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமென்றால் விஷயம் முடிந்தது.

இன்னொன்று, பல கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே ரிசர்வாயரில் குடிக்கின்றன. கிளட்சின் கீழ் சிலிண்டர் கசிந்தாலும் இங்கேதான் குறையும்.

இது காற்றுதானா என்று உறுதி செய்வது எப்படி?

மூன்று சோதனைகள் போதும், கருவி எதுவும் வேண்டாம். இரண்டு பேர் இருந்தால் நல்லது.

முதல் சோதனைக்கு எஞ்சினை நிறுத்திவிட்டு ரிசர்வாயர் மூடியைத் திறந்து வையுங்கள். ஒருவர் பெடலை வேகமாக இருபது முறை மிதித்துக் கடைசியில் அழுத்திப் பிடித்து, திடீரென்று விட வேண்டும். மற்றவர் ரிசர்வாயரை ஒரு முழம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். லைனில் காற்று சுருங்கி நின்றிருந்தால், விட்டவுடன் அது விரிந்து ஆயிலைப் பீறிட்டு மேலே அடிக்கும். மேற்பரப்பில் சின்ன அலை மட்டும் என்றால் அது இயல்பு. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் எரியும். பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு மிதியில் கீழே போகும் பெடல் தொடர்ந்து மூன்று நாலு மிதியில் மேலே ஏறுகிறதா என்று பார்ப்பது. ஏறினால், ஏறிய பிறகு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஏறியும் துள்ளலாக, பஞ்சாக இருந்தால் காற்று. ஏறியபின் கெட்டியாக நின்றால் காற்றைவிட டிரம் ஷூ இடைவெளியையோ பேடு பின்வாங்குவதையோ சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதமாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது. இதில் காற்றுக்குப் பங்கே இல்லை. எவ்வளவு ஏர் எடுத்தாலும் தீராது.

எந்தச் சக்கரத்துப் பக்கம் என்று எப்படிப் பிரித்தறிவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நாலு சக்கரத்தையும் மறுபடி மறுபடி ஏர் எடுப்பதைவிட, லைனைத் துண்டு துண்டாக அடைத்துப் பார்ப்பது பத்து மடங்கு விரைவான வழி.

ரப்பர் ஹோஸை அழுத்தி மூட, உருண்டையான விளிம்புள்ள ஹோஸ் கிளாம்ப் கிடைக்கும். அதை மட்டும் பயன்படுத்துங்கள். பல் வைத்த பிளையரால் இறுக்கினால் ஹோஸின் உள்தோல் கிழிந்து புதுக் கோளாறு வரும். ஸ்டீல் பின்னல் ஹோஸை எதைக் கொண்டும் இறுக்கக்கூடாது. ஹோஸ் மிகப் பழையதாக, வெடிப்போடு இருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

எல்லா ஹோஸ்களையும் மூடிவிட்டுப் பெடலை மிதியுங்கள். உயரத்திலேயே கல் மாதிரி நின்றால், மாஸ்டர் சிலிண்டரும் ஏபிஎஸ் பெட்டியும் ஸ்டீல் பைப்புகளும் குற்றமற்றவை. இப்போது ஒவ்வொரு கிளாம்பாக விடுங்கள், விட விடப் பெடலை மிதித்துப் பாருங்கள். கொஞ்சம் இறங்குவது இயல்பு. எந்தச் சக்கரத்தை விட்டவுடன் பெடல் சடாரென்று இறங்குகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான்.

எல்லாவற்றையும் மூடியும் பெடல் பஞ்சாக இருந்தால் கோளாறு மேலே. அப்போது மாஸ்டர் சிலிண்டரின் வாய்களிலிருந்து பைப்புகளைக் கழற்றிவிட்டு, அதே மரை அளவுள்ள அடைப்புத் திருகுகளைப் போடுங்கள். உள்ளே காற்றில்லாத நல்ல மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடல் அசையவே அசையாது. அசைந்தால் மாஸ்டர் சிலிண்டர், அசையாவிட்டால் நடுவில் இருக்கும் ஏபிஎஸ் பெட்டி அல்லது பைப்.

ஏர் எடுத்து முடித்த உடனேயே பெடல் அரைகுறையாகத்தான் இருக்கிறது. குமிழும் வரவில்லையே?

நான் இரண்டு வாரக் கடைசிகளைத் தொலைத்த கேள்வி இது. முன்பக்கக் காலிப்பர்கள் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். லிட்டர் கணக்கில் ஆயில் போயிற்று, ஒரு குமிழ் வரவில்லை, பெடல் மட்டும் பஞ்சு. கடைசியில் எட்டிப் பார்த்த நண்பர் ஒருவர், "நிப்பிள் ஏன் கீழே இருக்கிறது?" என்றார். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். காற்று மேலே நிற்கும், நிப்பிள் கீழே இருந்தால் நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் ஆயில்தான் வரும். ப்ளீடிங் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். பல காலிப்பர்கள் இரண்டு பக்கமும் அப்படியே பொருந்தும், அதுதான் ஆபத்து.

புது மாஸ்டர் சிலிண்டர் போட்ட பிறகு இப்படியென்றால், பொருத்துவதற்கு முன் அதை வைஸில் பிடித்து, வாயிலிருந்து ரிசர்வாயருக்கே சிறு குழாய் விட்டு, காற்றெல்லாம் போகும்வரை பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் சற்று முன்னால் தூக்கி நிற்கும் வண்டிகளில், முன் மூலையில் நிற்கும் காற்று சக்கரம் வரை இறங்கி வராது, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வெற்றிடப் பம்ப் வைத்து இழுத்தால் குமிழ் நிற்கவே மாட்டேன் என்கிறது. லைனில் அவ்வளவு காற்றா?

பெரும்பாலும் இல்லை. தளர்த்திய நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றை அந்தப் பம்பே இழுத்துக்கொண்டிருக்கிறது. நிப்பிளைக் கழற்றி மரையில் மட்டும் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள், கூர்முனையிலும் ஓட்டையிலும் படக்கூடாது. குமிழ் நின்றுவிடும்.

இரண்டு பேர் சேர்ந்து மிதித்து எடுப்பதில் என்ன தவறு நடக்கும்?

வேகம். படபடவென்று மிதித்தால் காற்று பொடிப் பொடியாக உடைந்து ஆயிலோடு நுரையாகக் கலந்துவிடும், நிப்பிளில் ஒன்றும் தெரியாது, மறுநாள் அவை ஒன்றுசேர்ந்து பெரிய குமிழாக நிற்கும். மெதுவாக மிதித்து, பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, அப்புறம்தான் காலை எடுக்க வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் வெளியே போனது உள்ளே வந்துவிடும். இருவருக்கும் நடுவே சத்தமான பேச்சு வேண்டும்: "மிதி", "பிடி", "விடு".

பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலைத் தரைவரை விடாதீர்கள். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத கடைசிப் பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும், கப் அதன் மேல் ஏறி இறங்கினால் உதடு கீறிவிடும். "ஏர் எடுக்கும்வரை நன்றாக இருந்தது, எடுத்தபின் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது" என்ற புலம்பலில் பாதி இதனால்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள்.

எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குவது பழைய வழக்கம், மூலைவிட்டமாகப் பிரித்த லைன்களில் (ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே லைன்) வரிசை வேறு. அந்த வண்டியின் கையேடு சொல்வதே சரி. இடையில் ரிசர்வாயர் வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஏபிஎஸ் வேலை செய்த பிறகு பெடல் இறங்கிவிட்டது. இது என்ன?

ஏபிஎஸ் பெட்டிக்குள் சாதாரண மிதிப்பில் திறக்காத பாதைகள் உண்டு. அங்கே காற்று இருந்தால் நீங்கள் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அது அசையாது, பெடலும் நன்றாகவே இருக்கும். சரளைக் கல்லில் சக்கரம் வழுக்கி ஏபிஎஸ் துடித்தவுடன் வால்வு திறந்து, அந்தக் காற்று பொது லைனுக்கு வந்து சேரும். ஸ்கேன் கருவியால் அந்த வால்வுகளையும் மோட்டாரையும் இயக்கிக்கொண்டே ஏர் எடுப்பதுதான் முறை.

ஆனால் எதற்கெடுத்தாலும் ஏபிஎஸ் மேல் பழி போடாதீர்கள். அந்தப் பெட்டி கழற்றப்பட்டிருந்தாலோ, ரிசர்வாயர் முழுக்க வற்றியிருந்தாலோதான் உள்ளே காற்று போயிருக்கும். பேடு மாத்திரம் மாற்றிய வண்டியில் ஏபிஎஸ் பெட்டியைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

மலை இறங்கினால் பெடல் போகிறது, ஆறினால் திரும்ப வருகிறது. இதுவும் ஏர்தானா?

இது ஆயில் கொதித்த நீராவி. வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு வந்துவிடும். டாட் 4-க்கு இவை 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், ஒரு துளி போதும். ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகிவிடுவதால் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டும்போது ஒன்றும் இருக்காது.

பழைய ஆயில் என்றால் முழுக்க மாற்றுங்கள், இரண்டு ஆண்டுக்கொரு முறை என்பது நல்ல வழக்கம். புது ஆயில் போட்டும் கொதித்தால், ஏதோ ஒரு சக்கரம் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறது. ஓட்டி வந்தவுடன் நாலு சக்கரச் சூட்டையும் ஒப்பிடுங்கள், டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் ஊசி இறுகியிருக்கும், அல்லது ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கும். எல்லாச் சக்கரமும் சூடு என்றால் பூஸ்டர் தண்டின் நீளத்தைப் பாருங்கள். அது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்ப வழியில்லாமல் பிரேக்கைத் தானே பிடிக்கும், அதனால் இன்னும் சூடு, இன்னும் பிடிப்பு. மாஸ்டர் சிலிண்டரோ பூஸ்டரோ மாற்றிய வண்டியில் இதை முதலில் பார்க்கலாம்.

காற்று மாதிரி நடிக்கும் வேறு கோளாறுகள்?

பழைய ஹோஸ் பலூன் மாதிரி வீங்கும். ஒருவர் மிதிக்கும்போது ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், தெரியும். டிரம் ஷூ இடைவெளி கூடியிருந்தால் முதல் மிதி காலி. சக்கர பேரிங் ஆடினால், வளைவில் திரும்பும்போது டிஸ்க் சாய்ந்து பேடைத் தள்ளிவிடும், அடுத்த முதல் மிதி கீழே போகும், இரண்டாவது சரியாக இருக்கும். வளைந்த பேடு, ஒரு பக்கமாகத் தேய்ந்த பேடு இரண்டும் பெடலைத் துள்ள வைக்கும்.

எந்த பிரேக் ஆயில் ஊற்றலாம்?

மூடியில் எழுதியிருப்பதை. "ஆயில்" என்று நாம் கூப்பிடுவதே ஒரு வினை. அது எண்ணெயே அல்ல. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியவர்கள் உண்டு, அதில் ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும், ஒவ்வொரு சீலும் மாற்ற வேண்டிவரும். சந்தேகம் இருந்தால் ரிசர்வாயரிலிருந்து சில துளி எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். சரியான பிரேக் ஆயில் கலந்துவிடும், எண்ணெய் மிதக்கும். டாட் 5 சிலிக்கோன் வகையும் கலக்காது. அதை மற்றவற்றோடு சேர்க்கக்கூடாது. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு, புள்ளியைக் கவனியுங்கள்.

இருசக்கர வண்டியில்?

முன் பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர்தான் உச்சி, காற்று அதன் பக்கத்து போல்ட் வளைவிலேயே தங்கும். ஹேண்டிலைத் திருப்பி அந்த இடம் சாய்வாக இருக்கும்படி வைத்து, லீவரை மெல்ல மெல்ல கால்வாசி தூரம் மட்டும் தட்டுங்கள். ரிசர்வாயரில் ஊசிக் குமிழ்கள் வரும். வராவிட்டால் கீழே காலிப்பரிலிருந்து சிரிஞ்ச் வைத்து ஆயிலை மேலே தள்ளலாம், ரிசர்வாயர் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லீவரை இரவு முழுக்கக் கட்டி வைக்கும் வித்தையும் பலன் தரும்: குமிழ்கள் சுருங்கி, சுவரை விட்டு நழுவி மேலே சேரும், காலையில் விட்டதும் வெளியேறும். ஆனால் ஒவ்வொரு வாரமும் கட்ட வேண்டியிருந்தால் எங்கோ வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டு மிதியில் பிடிக்கிறது. கொஞ்ச நாள் இப்படியே ஓட்டலாமா?

கூடாது. குறுக்கே ஒருவர் வரும்போது இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது.

சரி, கண்டுபிடித்துச் சரிசெய்தாயிற்று. இனி வராது என்று எப்படித் தெரியும்?

ரிசர்வாயரின் வெளியே ஆயில் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்து, அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஸ்டியரிங்கிலிருந்து ஓர் அளவுகோல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலியான இடத்தில் மெதுவேகத்தில் பத்துப் பதினைந்து முறை பிடித்துப் பார்த்து மறுபடி அளந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. மட்டமும் அளவும் நின்ற இடத்தில் நின்றால் டேப்பைப் பிய்த்துவிடலாம். நான் என் வண்டியில் இன்னும் பிய்க்கவில்லை.